நான்காவதாகப் பிறந்தவள்

என் அம்மாவின் அலமாரியில் மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் என் மூத்த அக்காளின் மகளுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தபோது, குழந்தையின் இடுப்பில் கட்டுவதற்காக அம்மா எப்போதோ எடுத்துவைத்திருந்த அரைஞாண்கொடியைத் தேடி அந்த டின்னைத் திறந்தேன். கொடி கிடைத்தது. அதற்கடியில், எங்கள் நால்வரின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து மடித்து வைத்திருந்த இன்னொரு தாளும் கிடைத்தது. 1975 இல் அம்மா கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதற்கான மருத்துவச் சான்று அது. ஐம்பது ஆண்டுகளாக அதை ஏன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என்று கேட்டேன். "கசக்கிடாதே. அதைக் காட்டித்தான் உன்னை ஸ்கூல்ல சேர்த்தோம்" என்றார்.

அதே வாரத்தில் அக்காள் மகள் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் அரசாங்கம் பிள்ளை பெறுவோருக்குத் தரும் குழந்தை போனஸ், மூன்றாவது குழந்தைக்கு ரொக்கமாக 13,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2025 பிப்ரவரி 18 க்குப் பிறகு பிறந்த மூன்றாவது குழந்தை என்பதால், பெரிய குடும்பங்களுக்கான புதிய திட்டத்தின்கீழ் குழந்தைக்கான சேமிப்பான பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் முதலில் போடப்படும் தொகை 5,000 வெள்ளியிலிருந்து 10,000 ஆக உயர்ந்திருக்கிறது. தாயின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 5,000. குழந்தைக்கு ஒரு வயது முதல் ஆறு வயதுவரை ஆண்டுதோறும் 1,000 வெள்ளி. இவற்றையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கடைசியில் ஒன்று கேட்டார்: "பெத்தா காசு குடுக்கிறாங்களா? அப்போ நான் இவளுக்குக் கூடக் கட்டினேனே, அதைத் திருப்பிக் கேட்டுப் பாரேன்." இவள் என்றது என்னைத்தான். நான் 1974 இல், நான்காவதாகப் பிறந்தவள்.

அந்த ஒற்றைக் கேள்வியில் சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கொள்கை முழுவதும் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. வேறு நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகளில் நடந்த மாற்றம் இங்கே ஒரே அரசாங்கத்தின் கீழ், ஒரே கட்சியின் ஆட்சியில், ஒரு பெண்ணின் ஆயுள் காலத்துக்குள் நடந்துமுடிந்துவிட்டது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு குடும்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

என் மூத்த அக்காள் பிறந்தது 1966 இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். மாட்டு வணிகத்துக்கும் பால் வியாபாரத்துக்கும் வந்த நம்மவர்களால் நிறைந்திருந்த தேக்கா வட்டாரத்தின் பழைய அடையாளம் அது. அந்த ஒரே ஆண்டில் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன என்பது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. ஓராண்டுக்கு முன்புதான் தனி நாடாகியிருந்த, வேலையில்லாத் திண்டாட்டமும் வீட்டுப் பஞ்சமும் இருந்த ஒரு தீவின் ஆட்சியாளர்களுக்கு இந்தச் சாதனை எப்படிப்பட்ட கலக்கத்தைத் தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுவாள் என்பதைச் சொல்லும் மொத்தக் கருவள விகிதம் 1965 இல் 4.66 ஆக இருந்தது. 1966 இல் சிங்கப்பூர் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் அமைக்கப்பட்டது. 1970 இல் கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டன. 1972 இல் "இரண்டோடு நிறுத்துங்கள்" இயக்கம் தொடங்கியது.

அந்த இயக்கத்தின் சுவரொட்டிகளில் ஒன்றை என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரே குடையின்கீழ் இரண்டு சிறுமிகள் நிற்பார்கள். பெண்ணோ ஆணோ, இரண்டே போதும் என்பது செய்தி. எங்கள் வீட்டில் குடைக்குள் ஏற்கெனவே மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்தோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மூவரில் நான் இல்லை. மூன்று பெண்களுக்குப் பிறகு ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்ற என் பாட்டியின் பிடிவாதத்தில் பிறந்த நான்காவது பெண் நான்.

சுவரொட்டியோடு விட்டிருந்தால் அது வெறும் பிரசாரமாகவே இருந்திருக்கும். அதற்குப் பின்னால் ஒரு கட்டண அட்டவணை இருந்தது. அரசாங்க மருத்துவமனைகளில் பிள்ளையின் எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் கூடியது. சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்றானது. பெரிய குடும்பங்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒதுக்குவதில் இருந்த முன்னுரிமை போனது. கணவனோ மனைவியோ கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் சம்பளத்துடன் ஏழு நாள் மருத்துவ விடுப்பு. பெற்றோரில் ஒருவர் நாற்பது வயதுக்குள் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. என் அம்மா டின்னுக்குள் பூட்டி வைத்திருந்த தாளின் மதிப்பு இதுதான். நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்பதை என் அம்மாவின் கருக்குழாய் தீர்மானித்தது என்று எழுதுவது கொச்சையாகத் தோன்றலாம். ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

அம்மாவுக்கு இதில் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரைப் பொறுத்தவரை நான்கு பிள்ளைகள் போதும் என்பது அவருடைய முடிவு. அந்த முடிவை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டு ஒரு தாள் கொடுத்தது, அவ்வளவுதான். "காசு கட்டிப் பெத்த பிள்ளை" என்று என்னை அறிமுகப்படுத்துவதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு.

1975 இல் கருவள விகிதம், பெற்றோர் தலைமுறையை அதே அளவில் ஈடுசெய்யும் நிலையான 2.1 ஐத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழ். உலகெங்கும் மக்கள்தொகை நிபுணர்கள் வியந்து பாராட்டிய இந்தச் சரிவில் அட்டவணையின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கம்பத்து வீடுகளிலிருந்து மூன்றறை அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஜூரோங்கில் திறக்கப்பட்ட தொழிற்சாலைகள் பெண்களை வேலைக்கு அழைத்துக்கொண்டிருந்தன. பெண் பிள்ளைகள் பள்ளியில் நீடித்துப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். என் அம்மாவின் தங்கைகள் இருவர், எந்தச் சுவரொட்டியையும் ஏறெடுத்துப் பார்க்காமலேயே, இரண்டோடு நிறுத்தியவர்கள். காற்று வீசிய திசையிலேயே அரசாங்கம் பாயை விரித்தது. அதனால் படகு வேகமாகப் போனது என்பதே என் கணிப்பு.

ஆனால் அந்த இயக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டது. பிள்ளை என்பது செலவு. அடுத்த பிள்ளை இப்போதிருக்கும் பிள்ளையின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிறையப் பெறுவதைவிடக் குறைவாகப் பெற்று நன்றாகப் படிக்கவைப்பதே பொறுப்புள்ள பெற்றோருக்கு அழகு. இந்தப் பாடத்தைச் சிங்கப்பூரர்கள் மிகவும் நன்றாகப் படித்துவிட்டார்கள். எவ்வளவு நன்றாக என்றால், பாடம் நடத்தியவரே வந்து அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டபோது அது அழியவில்லை.

கேட்டுக்கொள்வதற்கு முன்பு நடுவில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை இங்கே பலரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள், எனக்கு அது முடியாது. 1983 ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் இயூ, படித்த பெண்கள் திருமணம் செய்துகொள்வதில்லை அல்லது குறைவாகப் பெறுகிறார்கள், படிக்காத பெண்கள் அதிகம் பெறுகிறார்கள், அறிவுத்திறன் பெரிதும் பரம்பரையாக வருவது, ஆகவே நாட்டின் திறன் குன்றிவிடும் என்று பேசினார். அடுத்த ஆண்டு, மூன்று பிள்ளைகள் பெறும் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. முப்பது வயதுக்குட்பட்ட, குறைந்த கல்வியும் குறைந்த வருமானமும் கொண்ட தாய், ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் 10,000 வெள்ளி மானியம் என்பதும் அதே ஆண்டில் வந்தது. படித்த ஆணும் பெண்ணும் சந்தித்துப் பழகுவதற்கு அரசாங்கமே ஓர் அமைப்பைத் தொடங்கியதும் 1984 இல்தான்.

என் அம்மா தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா கப்பல் பட்டறைத் தொழிலாளி. அந்த உரை யாரைப் பற்றியது என்பதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை; பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. எங்கள் நால்வரில் இருவர் பட்டதாரிகள். இதற்குமேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நாடும் அதை விரும்பவில்லை. பலனடையக்கூடிய பட்டதாரிப் பெண்களே அவமானப்பட்டதாகச் சொல்லி எதிர்த்தார்கள். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும் பட்டதாரித் தாய்மார் திட்டம் அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே, புதிதாகக் கல்வியமைச்சர் பொறுப்பேற்ற டோனி டான் அந்த முன்னுரிமையைக் கைவிட்டார். மக்கள்தொகைக் கொள்கையில் வாக்காளர்கள் நேரடியாகக் குறுக்கிட்ட ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

1986 இல் கருவள விகிதம் 1.43 க்கு இறங்கியது. அதே ஆண்டு குடும்பத் திட்ட வாரியம் கலைக்கப்பட்டது. 1987 மார்ச்சில் முதலாம் துணைப் பிரதமர் கோ சோக் டோங் புதிய கொள்கையை அறிவித்தார்: "மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் அதற்கு மேலும் பெறுங்கள்." மூன்றாவது குழந்தைக்கு 20,000 வெள்ளி வரை வரித் தள்ளுபடி, பள்ளிச் சேர்க்கையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் மூன்று பிள்ளைக் குடும்பங்களுக்குச் சலுகை. கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பரிசு கொடுத்த அரசாங்கம், மூன்றுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ளவர்கள் அதற்கு வந்தால் ஆலோசனைக்கு அனுப்பத் தொடங்கியது. அம்மாவின் சான்றிதழ் பன்னிரண்டே ஆண்டுகளில் செல்லாக்காசாகிவிட்டது.

அந்த முழக்கத்தில் "வசதியிருந்தால்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எண் மாறியது, கணக்குப் போடும் முறை மாறவில்லை. பிள்ளை பெறுவதற்கு முன்னால் வரவு செலவைப் பார் என்று பழைய முழக்கம் சொன்னதைத்தான் புதியதும் சொன்னது. 1988, சீன நாட்காட்டியில் டிராகன் ஆண்டு. நல்ல ராசி என்பதாலும் புதிய சலுகைகளாலும் விகிதம் 1.96 க்கு ஏறியது. கொள்கை வெற்றி பெற்றதாக எண்ண அந்த ஓராண்டு இடம் கொடுத்தது. 2000 இல் 1.60. அதன்பிறகு அந்த அளவை எட்டவே இல்லை. 2024 உம் டிராகன் ஆண்டுதான். ஆனால் விகிதம் முந்தைய ஆண்டைப் போலவே 0.97 இல் நின்றது. ராசிக்கும் மவுசு குறைந்துவிட்டது.

2001 ஏப்ரலில் குழந்தை போனஸ் வந்தது. தொடக்கத்தில் அது இரண்டாவது, மூன்றாவது குழந்தைகளுக்கு மட்டும். என் மகள் 2003 இல் பிறந்தவள். முதல் குழந்தை என்பதால் அவளுக்கு ஒன்றும் கிடையாது. 2004 இல் முதல் குழந்தைக்கும் நீட்டித்தார்கள். அம்மாவுக்கு ஒரு குழந்தை கூடிப்போனதும் எனக்கு ஓராண்டு முந்திப்போனதும் எங்கள் குடும்பத்தின் ராசி போலும்.

இரண்டாவது பெற்றால் பணம் கிடைக்கும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். நானும் என் கணவரும் அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சுகளில் ஒருமுறைகூட போனஸ் தொகை முடிவைத் திருப்பியதாக நினைவில்லை. கணவருக்கு ஜூரோங்கில் ஷிஃப்ட் வேலை. எனக்கு வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். மகளை அம்மாதான் பார்த்துக்கொண்டார். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. இன்னொரு கைக்குழந்தையை அவர் மடியில் போட எனக்கு மனம் வரவில்லை. பிறகு மகள் பள்ளிக்குப் போனாள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்ற மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது, துணைப்பாட வகுப்புகள் வந்தன. 2023 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி செலவிடுகின்றன. குறைவாகப் பெற்று நன்றாகப் படிக்கவையுங்கள் என்று 1972 இல் சொன்னதை இதைவிட விசுவாசமாக யாராலும் நிறைவேற்ற முடியாது.

ஆகவே குழந்தை போனஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. பெற்றுக்கொண்டவர்களுக்கு அது உதவுகிறது, அக்காள் மகளுக்கு உதவுகிறது, அதுவே போதுமான நியாயம். ஆனால் அது யாரையும் பெறவைக்கிறது என்று நான் நம்பவில்லை. அவளும் அவள் கணவரும் மூன்றாவதை விரும்பினார்கள். பணம் பிறகு வந்தது.

யார் பெறலாம் என்பதிலும் கொள்கைக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. இந்த நாட்டில் கல்யாணப் பேச்சே "பிடிஓ போடலாமா?", அதாவது முன்பதிவின் பேரில் கட்டித்தரப்படும் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, என்ற கேள்வியில்தான் தொடங்கும் என்பது கேலி மட்டுமல்ல. புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடும்பமாக இருக்க வேண்டும். தனியாளென்றால் 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். பெயர் போட்டு, குலுக்கலில் வந்து, கட்டி முடித்துச் சாவி கையில் கிடைப்பதற்குள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஓடிவிடும். இருபத்தெட்டில் காதலித்தவர்கள் முப்பத்து மூன்றில் தனிக்குடித்தனம் போகிறார்கள். 2023 ஜூலை முதல் பெண்கள் மருத்துவக் காரணமின்றியும் தங்கள் கருமுட்டைகளை உறையவைத்துக்கொள்ளலாம். ஆனால் பயன்படுத்துவதற்குச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். திருமணமாகாத தாய்க்கு 2017 முதல் 16 வார விடுப்பு உண்டு. பிள்ளைக்கு மேம்பாட்டுக் கணக்கும் உண்டு. போனஸின் ரொக்கத் தொகை கிடையாது. குழந்தைகள் குறைந்துவருவது நாட்டின் உயிர்ப் பிரச்சினை என்று மேடையில் சொல்லிவிட்டு, பிறந்துவிட்ட ஒரு குழந்தையின் தாய்க்கு மட்டும் அந்தத் தொகையை நிறுத்திவைப்பது எனக்கு விளங்காத கஞ்சத்தனம்.

இன்னொன்றையும் கொள்கை ஆவணங்கள் உரக்கச் சொல்வதில்லை. இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளையை வளர்ப்பவர் பெரும்பாலும் தாத்தா பாட்டி, அல்லது இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ நம் தமிழ்நாட்டிலிருந்தோ வந்த இல்லப் பணிப்பெண். இப்படிப்பட்ட பணிப்பெண்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இருக்கிறார்கள். சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 ஆகக் குறைக்கப்படுகிறது. இதுவும் பிள்ளைப்பேற்றை ஊக்குவிக்கும் சலுகைகளில் ஒன்றுதான். அதே பணிப்பெண்ணின் வேலை அனுமதி நிபந்தனைகளில், அவர் இங்கே கருவுறக் கூடாது என்பதும் ஒன்று. அக்காள் மகள் வீட்டில் வேலை செய்யும் பெண் திருவாரூர்ப் பக்கத்தவர். ஊரில் ஒன்பது வயது மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். புதிய குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அவர் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், சிங்கப்பூரின் 0.97 இல் இவருடைய பங்கு எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிறப்பு குறைந்த இடத்தைக் குடியேற்றம் நிரப்புகிறது. 2030 இல் மக்கள்தொகை 69 லட்சத்தை எட்டக்கூடும் என்று 2013 இல் வெள்ளை அறிக்கை சொன்னபோது, ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்த்தார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இத்தனை ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்றே ஒன்று. அதில் ரொக்கம் இல்லை. 2013 வரை பிள்ளை பிறந்ததற்கெனத் தந்தையருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அவ்வாண்டு ஒரு வாரம் வந்தது, 2017 இல் இரண்டு வாரம், 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக நான்கு வாரம். அதோடு பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள ஆறு வாரம். 2026 ஏப்ரல் முதல் அது பத்து வாரம். தந்தையர் விடுப்பில் பெயர் பெற்ற சுவீடனிலேயே 2023 இல் விகிதம் 1.45 க்கு இறங்கியிருப்பது எனக்குத் தெரியும். விடுப்பு கொடுத்தால் எண் ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1972 தொடங்கி இன்றுவரை மற்ற எல்லாத் திட்டங்களும் பிள்ளைக்கு ஒரு விலை குறித்தன, கூட்டியோ குறைத்தோ. இது மட்டும்தான் அந்த வீட்டில் யார் எழுந்து பால் கரைப்பது என்ற கேள்விக்குள் நுழைகிறது.

அக்காள் மகளின் கணவர் நான்கு வாரத்தையும், பகிர்வு விடுப்பில் தன் பங்கான மூன்று வாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு குழந்தைகளுக்கும் அவர் இரண்டிரண்டு வாரம்தான் வீட்டில் இருந்தார். பிள்ளைக்குத் துணி மாற்றத் தெரியும், அவ்வளவே. இம்முறை ஐந்தாவது வாரத்தில் நான் போனபோது, மனைவி உறங்கிக்கொண்டிருக்க, அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்தவளுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே, அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா சோபாவில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்த மறுநாள் அப்பா கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டதாக முன்பு சொல்லியிருக்கிறார். இன்று அதையெல்லாம் சொல்லவில்லை.

"இவருக்கு இன்னும் எத்தனை நாள் லீவு?" என்று மட்டும் மெதுவாக என்னிடம் கேட்டார். இரண்டு வாரம் இருக்கிறது என்றேன்.